வாசலைப் பார்த்து மாட்டியிருந்த அக்காவுக்கு

படத்தில் இருந்தபடியே சிரிக்கும் என் விமலா அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். பொய்யாக எழுத எனக்கு வராது. நீ போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள் நான். உன் புருஷன் பாஸ்கருக்கு இரண்டாம் தாரம். டெங்குக் காய்ச்சல் உன்னை இருபத்தெட்டு வயதிலேயே நிறுத்திவிட்டது. எனக்கு முப்பத்து நான்கு நடக்கிறது. வயதில் நீ எனக்குத் தங்கை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, அதனால் அக்கா.

நேராகவே சொல்லிவிடுகிறேன். உன்னை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். கல்யாணமாகி வந்த அன்றே பற்றிக்கொண்டது.

ஆஸ்டின் டவுனில் இந்தச் சின்ன வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தேன். கதவுக்கு நேர் எதிரே, சுவரில் நீ. பிளாஸ்டிக் மாலை, சின்னச் சிவப்பு பல்பு, அந்தச் சிரிப்பு. நான் தொம்மலூரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை செய்கிறேன், யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் புருவத்துக்குத்தான் போகும். நூலை எடுத்துக்கொண்டு வந்தாலும் உன் புருவத்தில் பிடுங்க எனக்கு ஒரு முடி கிடையாது. எவளோ ஒருத்தி மாதாமாதம் வந்து வலி பொறுத்துக்கொண்டு வாங்கிப் போவதைக் கடவுள் உனக்குச் சும்மா கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்தது ஆடி மாதப் படையல். புருஷன் இருக்கும்போதே மஞ்சள் குங்குமத்தோடு போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது இந்த வீட்டு வழக்கம். ஆடி வெள்ளியில் உனக்குப் புதுப்புடவை வைத்துப் படைப்பார்கள். படைத்து முடிந்ததும் அந்தப் புடவையை வீட்டு மருமகள் கட்டிக்கொள்ள வேண்டும். மருமகள் என்றால் நான்தான். அத்தை ஒவ்வொரு வருஷமும் உனக்குப் பிடித்த மாம்பழ மஞ்சளாகவே பார்த்து எடுத்து வருவார். உன் நிறத்துக்கு அது எடுப்பாக இருந்திருக்கும். என்மேல் போட்டால் காமாலை கண்டவள் மாதிரி இருக்கிறது. போன வருஷம் அதைக் கட்டிக்கொண்டு நிற்கையில் பக்கத்து வீட்டு அம்மா, "இன்னாம்மா கோமதி, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நீ சுவரில் சிரித்துக்கொண்டிருந்தாய்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. இவருடைய போதைப்பொடிப் பழக்கம்கூட உனக்குச் சொந்தமானதாக இருந்தது.

உனக்குத் தெரியும், இவர் பப்புகளில் சவுண்ட் ஆபரேட்டர். பாட்டு போடுகிறவன் மேடையில் ஆடுவான், இவர் மூலையில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் பார்த்துக்கொள்வார். அந்த வேலையில் தூக்கம் கிடையாது. பார்ட்டிக்கு வருகிற பெரிய இடத்துப் பிள்ளைகள் 'ஒரு லைன் போடுங்க அண்ணா' என்று கோக்கைனை நீட்டியிருக்கிறார்கள். முதலில் சும்மா கிடைத்தது, அப்புறம் அது இல்லாமல் முடியவில்லை. வண்டி போயிற்று, என் வளையல் போயிற்று. இதெல்லாம் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அத்தையிடம் அழுதேன். அத்தை உன் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ போன துக்கம்மா. அத மறக்கத்தான் இத இழுக்கறான். நீ கொஞ்சம் அனுசரிச்சிப் போ."

பார்த்தாயா? நான் உயிரோடு எதிரில் நிற்கிறேன். குழம்பு வைக்கிறேன், துணி துவைக்கிறேன். என்னால் இவருக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. நீ போனதற்கு மட்டும் இவர் தன்னையே அழித்துக்கொள்கிறார். ஒருத்தர் கெட்டுப்போகிற அளவுக்கு உன்னை நினைக்க முடியுமென்றால், நான் எதற்கு இந்த வீட்டில்?

சொல்ல மறந்துவிட்டேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. இவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டாலே எழுந்து போய், சாவி போடுவதற்குள் கதவைத் திறந்துவிடுவேன். முகத்தைப் பார்ப்பேன், கண்ணைப் பார்ப்பேன், மூக்கைப் பார்ப்பேன். ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். பார்த்ததும் தெரிந்துவிடும், இன்றைக்கு இழுத்தாரா இல்லையா என்று. பொண்டாட்டி என்று இந்த வீட்டில் எனக்கே எனக்காக இருந்த ஒரே வேலை அதுதான் என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் நிலைமை முற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெளியே வந்தார். பப் வேலை வேண்டாம் என்று நின்றுவிட்டு, பகல் நேரக் கல்யாண மண்டப வேலைகளுக்கு மட்டும் போனார். அவ்வப்போது ஆஸ்பத்திரிக்கு கவுன்சிலிங் போய்வருவார். எனக்கு பார்லரில் லீவு கிடைக்காது, தனியாகத்தான் போவார். போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார் என்று இருந்தேன்.

இந்த ஆனி மாதம் இவருடைய வேலைப் பையைத் துவைக்கப் போட்டேன். ஒயர், பிளக், இன்சுலேஷன் டேப் எல்லாவற்றையும் எடுத்து வைக்கையில் அடியில் ஒரு மாத்திரை அட்டை. உருண்டையாக, வழுவழுவென்று மீன் எண்ணெய் மாத்திரை மாதிரி. பாதி அட்டை காலி. பொடிக்குப் பதிலாக இப்போது இது ஏதோ புதுச் சனியன் என்று நினைத்தேன். முந்தானையில் சுற்றிக்கொண்டு தெருமுனை மெடிக்கலுக்கு ஓடினேன். கடைக்காரர் கன்னடக்காரர், நல்ல மனுஷன். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கங்கிராட்ஸ் அக்கா! எஷ்டு திங்களு?"

எத்தனை மாசம் என்று கேட்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இது இன்னா மாத்திர அண்ணா?" என்றேன்.

"பாப்பா நிக்கறதுக்குக் குடுக்கறது. கர்ப்பமா இருக்கறவங்க சாப்பிடறது. டாக்டர் சொல்லலியா?"

அக்கா, கடை வாசலிலேயே நின்று கணக்குப் போட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு ஒன்றும் தங்கவில்லை. இவர் பையில் கர்ப்பிணிக்கான மாத்திரை. அதுவும் பாதி அட்டை காலி. எவளுக்கோ வாங்கிக் கொடுக்கிறார். எவளுக்கோ நிற்கிறது. ஆஸ்பத்திரி, கவுன்சிலிங் எல்லாம் நாடகம். எந்த மண்டபத்தில் பிடித்தாரோ, பூ அலங்காரக்காரியோ, சமையல்காரியோ!

வீட்டுக்கு வந்தேன். அத்தை மாவு அரைக்கப் போயிருந்தார். என் அம்மாவுக்கு போன் போடலாம், போட்டால் உடனே பஸ் ஏறி வந்து ஊரைக் கூட்டிவிடுவாள். பார்லர் தோழிகளிடம் சொன்னால் தொம்மலூர் முழுக்கத் தெரிந்துவிடும். யாரிடம் சொல்வது? கதவைச் சாத்தித் திரும்பினேன், எதிரில் நீ. அதுவரை உன்னிடம் நான் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அன்றைக்கு அட்டையை உன் முகத்துக்கு நேரே நீட்டி, "பாத்தியாக்கா, இந்த ஆளு நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டான்" என்று கத்தினேன்.

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். 'நம்ம' என்று சொல்லியிருக்கிறேன்.

இவர் சாயங்காலம் வந்தார். அன்றைக்கும் நான்தான் கதவைத் திறந்தேன். மூக்கைப் பார்க்கவில்லை, அட்டையைக் காட்டினேன்.

"யாருக்குய்யா இது? எத்தினி மாசம் அவளுக்கு?"

பின்னாலேயே மாவுத் தூக்கோடு வந்த அத்தை, "இன்னாடா அது?" என்றார்.

"எனக்குத்தான்" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஒனக்கா? ஆம்பிளைக்கு எதுக்குடா புள்ள நிக்கற மாத்திர?" அத்தை தூக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"டாக்டரம்மா குடுத்தாங்கம்மா. பொம்பளைங்க மாத்திரன்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்கன்னு சொல்லல. கோமதி, சத்தியமா எனக்குத்தான். நம்பலன்னா நாளைக்கு எங்கூட வா."

நம்பவில்லை. போனேன். பார்லரில் சொல்லாமலே லீவு போட்டுவிட்டுப் போனேன்.

டாக்டரம்மாவும் கன்னடம் பேசுகிறவர், ஆனால் தமிழில் நன்றாகவே சொன்னார். நான் அட்டையை மேஜைமேல் வைத்த விதத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்போல. சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"நோடிம்மா, பாருங்க, இது லேடீஸுக்கு மட்டும் இருக்கற ஹார்மோன் இல்ல. ஜென்ட்ஸ் உடம்புலயும் ஊறும், ஆனா கம்மி. மனசுல டென்ஷன் ஆச்சுன்னா உடம்பு அலாரம் அடிக்கும். அலாரம் அடிச்சா இவங்களுக்குப் பொடி ஞாபகம் வரும். பொடிய விட்டவங்க மறுபடி விழறது ஜாஸ்தி அந்த நேரத்துலதான். இந்த ஹார்மோன் குடுத்தா அலாரம் கொஞ்சம் அடங்குதான்னு பாக்கறோம். எழுதி, கையெழுத்து வாங்கி, ஆராய்ச்சியாத்தான் பண்றோம்."

"அடங்குதா மேடம்?"

"சிலருக்கு அடங்குது. எல்லாருக்கும்னு என்னால சொல்ல முடியாது. தூக்கம் வரும், தலை சுத்தும். இவர் கேஸ்ல கொஞ்சம் பலன் தெரியுது. கவுன்சிலிங்கும் சேந்துதான். கடையில வாங்கி யாரும் தானா சாப்பிடக் கூடாது."

என் உடம்பில் சும்மா ஊறுவதை இவர் வேளை தவறாமல் விழுங்குகிறார். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. உன்னிடமும் அது ஊறியிருக்கும் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அந்தப் பலனை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். அங்கே ஒரு சின்ன அறை இருக்கிறது. ஆரம்பத்திலேயே இவரிடம் இரண்டு கதை கேட்டிருக்கிறார்கள். நடந்ததிலேயே ரொம்பப் பதற்றமான ஒன்று, ரொம்ப நிம்மதியான ஒன்று. அவற்றை இவர் சொன்னபடியே தமிழில் யாரையோ பேசவைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடச் சொல்லி, அதைப் போட்டுக் கேட்கவைக்கிறார்கள். நாடி பார்க்கிறார்கள். இப்போது பொடி வேண்டும் என்று எவ்வளவு தோன்றுகிறது என்று கேட்கிறார்கள். மாத்திரைக்கு முன்னால் ஒரு தடவை, மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் கழித்து ஒரு தடவை.

என்ன கதை என்று டாக்டரம்மா சொல்லவில்லை. "அது அவரோடது, அவரே சொன்னா கேட்டுக்குங்க" என்றார்.

எனக்குத் தெரியாதா என்ன? பதற்றம் என்றால் நீ போன நாள். நிம்மதி என்றால் நீ இருந்த நாள். இரண்டு காதிலும் நீயே. ஹெட்போனுக்குள்கூட எனக்கு இடம் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர்தான் பேச ஆரம்பித்தார்.

"கேக்க மாட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? விமலா அக்கா செத்தத சொல்லியிருப்பீங்க."

"இல்ல." கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். "கதவ சொன்னேன்."

"எந்தக் கதவு?"

"நம்ம வீட்டுக் கதவு. வேல முடிஞ்சி வரேன், சாவி கையில இருக்கு. போடறதுக்குள்ள கதவு தொறக்குது. மூஞ்சியப் பாக்கறாங்க, மூக்கப் பாக்கறாங்க. ஒண்ணும் கேக்கறதில்ல. இழுக்காத அன்னிக்கும் அதே பார்வைதான். அப்பதான் எனக்கு உடனே ஒண்ணு வேணும்னு இருக்கும். அப்பிடியே திரும்பி எறங்கிப் போயிருக்கேன்."

ஆகக் கடைசியில் இவருடைய பெரிய பதற்றம் நான். உனக்கு மாலையும் படையலும், எனக்கு இந்தப் பேர். அழுகையை அடக்கிக்கொண்டு, "யாரு தொறக்கறா? நான்தானே?" என்றேன்.

"மொதல்ல விமலா" என்றார். "அப்புறம் நீ."

பஸ் சிக்னலில் நின்றது. இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பழக்கம் நீ இருக்கும்போதே வந்ததாம். உனக்குத் தெரியுமாம். அத்தைக்குச் சொல்லாமல் மூடி மறைத்தாயாம். படியேறும் சத்தம் கேட்டால் நீயும் எழுந்து வந்து கதவைத் திறப்பாயாம், ஒன்றும் கேட்காமல் பார்ப்பாயாம். நீ போன பிறகு இவர் ஒருநாள் சாவி போட்டுக் கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே யாரும் இல்லை. நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் நீ, அதே இடத்திலிருந்து பார்த்துக்கொண்டு. அத்தைதான் ஆசையாக அங்கே மாட்டியிருந்தார், உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் நீ படவேண்டும் என்று.

அக்கா, ஏன் யாரிடமும் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் என்னை இவருக்குக் கட்டிவைத்திருப்பார்களா? உன் அம்மாவிடமாவது சொல்லக் கூடாதா? எல்லாரும் உன்னை நினைத்துத்தான் இவர் கெட்டார் என்கிறார்கள், நீ இருக்கும்போதே கெட்டவரை நீ தனியாகச் சுமந்திருக்கிறாய். உன்மேல் அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இவர்மேல்கூட வந்ததில்லை. அந்தக் கதவு ஒன்றாவது என்னுடையது என்று நினைத்தேனே, அதிலும் நீதான் முந்திக்கொண்டாய்.

நிம்மதிக் கதையையும் கேட்டுவிட்டேன், கேட்காமல் இருக்க முடியுமா? "கூட்டமெல்லாம் போனப்புறம் ஆம்ப்ளிஃபயர ஆஃப் பண்ணுவேன். அப்ப ஹாலு பூரா ஒரு அமைதி வரும் பாரு, அதச் சொன்னேன்" என்றார். அதில் நீயும் இல்லை, நானும் இல்லை. நம் இருவருக்கும் சேர்த்துப் பட்டை நாமம். பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

இரண்டாம் தடவை ஹெட்போன் போட்டபோது, கதவு திறக்கிற இடம் வந்தும் முன்போல நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லையாம். "வேணும்னு தோணுச்சு, ஆனா எறங்கிப் போற அளவுக்கு இல்ல" என்றார். நல்லதுதான். ஆனால் அந்த ஆராய்ச்சி இந்த மாதத்தோடு முடிகிறது, மாத்திரையும் நின்றுவிடும். கதவு நிற்காது. நான் இருக்கிறேனே, திறப்பதற்கு. போதாததற்கு இந்த வாரத்திலிருந்து சாயங்கால ரிசப்ஷன் வேலையும் ஒத்துக்கொண்டிருக்கிறார், பழைய பப் ஆட்கள் வந்துபோகும் மண்டபம். இவர் மறுபடி விழுந்தால் இந்தத் தடவை எழுந்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நான் இருப்பேனா என்றும் தெரியவில்லை.

அதனால்தான் நேற்று அந்தக் காரியத்தைச் செய்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, பல்பைப் பிடுங்கி, உன்னைச் சுவரிலிருந்து கழற்றினேன். வந்த நாளிலிருந்து எத்தனை தடவை இதை மனதுக்குள் செய்து பார்த்திருப்பேன்! இவ்வளவு லேசாக இருப்பாய் என்று நினைக்கவில்லை. அத்தை பார்த்துவிட்டார்.

"அடிப்பாவி, எம் மருமகள எடுத்துக்கினு எங்கடி போற?"

"நானும் உங்க மருமகதான் அத்தை. சமையல்ரூமுக்குப் போறோம்."

"வெள்ளிக்கெழம படையல வச்சிக்கினு இன்னா பொறாமடி ஒனக்கு!"

"பொறாமதான். இல்லன்னு சொல்லல" என்றேன். "ஆனா அது வேற அத்தை. அவ வாசல்ல நின்னது போதும், ஒக்காரட்டும்." கதவுக் கதையை அத்தையிடம் முழுக்கச் சொன்னேன், நீ மறைத்ததையும் சேர்த்து. உன் ரகசியத்தை உடைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அத்தை உட்கார்ந்து கேட்டார். பிறகு எழுந்து வந்து, அரிசி டப்பாவுக்கு மேலே ஆணி அடிக்கச் சுத்தியலை எடுத்துக்கொடுத்தார்.

இந்த வருஷப் புடவையை நான்தான் எடுத்திருக்கிறேன். கிளிப்பச்சை. எனக்கு எடுப்பாக இருக்கும். உனக்கு எப்படி இருக்குமோ, கட்டிக்கொள். உன் மஞ்சளை நான் இத்தனை வருஷம் கட்டவில்லையா?

இதை ஊர் படிக்க எழுதுவதில் இவருக்குச் சம்மதம்தான், கேட்டுவிட்டேன். பக்கத்து நீலசந்திராவிலோ வேறெங்கோ கதவருகே இன்னொருத்தி நின்றுகொண்டிருப்பாள். அவளுக்கும் கொஞ்சம் கேட்கட்டும்.

இப்போது சாயங்காலம். இவர் வருகிற நேரம். இங்கே சமையல்ரூமில் எனக்கு வெங்காயம், உனக்குப் புதுச் சுவர். எனக்கு இப்போதே கால் பரபரக்கிறது. உனக்கு அந்த அவஸ்தை முடிந்துவிட்டது, அதற்கும் உன்மேல் எனக்குப் பொறாமை. இருந்தாலும் சொல்கிறேன். படியில் சத்தம் கேட்டாலும் எழுந்திருக்கமாட்டேன். அவர் கையில் சாவி இருக்கிறது, அவரே திறந்துகொண்டு வரட்டும். இனி அந்தக் கதவுக்கு நானும் போகமாட்டேன், உன்னையும் அனுப்பமாட்டேன்.

உன் சக்களத்தி,
கோமதி